கல்லைப் பற்றி எழுதினால் என் தாயை ஏன் இழுக்கிறார்கள்? வசைப் பின்னூட்டங்களை எப்படிக் கையாள்கிறீர்கள்?

கல்லெழுத்து (இழையைத் தொடங்கியவர்) | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். 2012ஆம் ஆண்டிலிருந்து நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களின் நினைவாக நட்ட பழைய கற்களை, பற்றி என் வலைப்பதிவில் எழுதிவருகிறேன். பெரும்பாலும் திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லைப் பார்ப்பேன், அடுத்த ஞாயிறுக்குள் அதைப் பற்றி எழுதிவிடுவேன். ஐந்தாறு பின்னூட்டம் வந்தாலே மனம் நிறைந்துவிடும்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சிற்றூரின் வயலோரம் நிற்கும் கல்லைப் பற்றி எழுதினேன். தொறு மீட்கப் போய் உயிர்விட்ட வீரனின் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. அவன் தங்கள் சாதிக்காரன் என்று ஊரில் ஒரு பிரிவினர் அண்மையில் பலகை வைத்திருக்கிறார்கள். கல்லில் அவன் பெயரும் அவன் யாருடைய சேவகன் என்பதும்தான் வெட்டப்பட்டிருக்கின்றன; சாதிப் பெயர் இல்லை. அதை ஒரே வரியில் சொன்னேன்.

நான்கு நாட்களில் நூற்று நாற்பதுக்கு மேல் பின்னூட்டங்கள். கல்லைப் பற்றிப் பேசியவை பத்துகூட இராது. மற்றவை என் பிறப்பைப் பற்றியும், என் தாயைப் பற்றியும், நான் யாரோடு கல் பார்க்கப் போகிறேன் என்பதைப் பற்றியும். அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

வியாழக்கிழமை காலை வந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அதில் ஒரு சொல்கூட இல்லை, ஒரு படத்தின் இணைப்பு மட்டும் இருந்தது. திறந்தேன். எங்கள் வீட்டுக் கதவு. வாசலில் ஏழு புள்ளி ஊடுபுள்ளிக் கோலம். அதன் இடது ஓரத்தில் ஓர் இழை கலைந்திருந்தது, பால்காரரின் சைக்கிள் ஏறிய தடம். அன்று காலை நான் போட்ட கோலம்.

அதற்குப் பிறகு நான் கோலம் போடவில்லை. மாமியார் போடுகிறார்; அவரிடம் காரணத்தைச் சொல்லவில்லை.

பின்னூட்டப் பெட்டியை அடியோடு மூடிவிடலாமா? உங்களில் நீண்ட காலம் எழுதுகிறவர்கள் என்ன செய்தீர்கள்?

---

ஏரிக்கரை வாத்தியார் | வெள்ளி, இரவு 10.25

அம்மா, மூடிவிடுங்கள். யோசிக்கவே வேண்டாம். வீட்டுத் திண்ணையில் வழிப்போக்கர் உட்காரலாம் என்று கட்டியவர்கள்தான், உட்கார்ந்தவன் எச்சில் துப்பினால் எழுப்பிவிட்டார்கள். உங்கள் எழுத்து உங்கள் திண்ணை. அந்தக் காலத்தில் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதினால் ஆசிரியர் படித்துப் பார்த்துத்தான் அச்சுக்குக் கொடுப்பார். என் கடிதங்களே பல வராமல் போயிருக்கின்றன. கருத்துரிமை போயிற்று என்று நான் வருந்தியதில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் இருந்தேன். மொட்டைக் கடிதம் எழுதுகிறவனின் புத்தி எனக்குத் தெரியும். பதில் சொன்னால் வளர்வான்.

---

குறிமுறை | வெள்ளி, இரவு 11.10

அக்கா, மூடுவதற்கு முன் சில காரியங்கள். முதலாவது இன்றிரவே செய்ய வேண்டியது: எதையும் நிரந்தரமாக அழித்துவிடாதீர்கள்.

நீங்கள் வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளை நிறுவி நடத்துகிறவர் என்று உங்கள் தளத்தைப் பார்த்தால் தெரிகிறது. அப்படியானால் ஒவ்வொரு பின்னூட்டத்தோடும் எழுதியவர் கொடுத்த மின்னஞ்சலும், அவர் இணைய இணைப்பின் எண்ணான ஐ.பி. முகவரியும், நேரமும் பதிவாகியிருக்கும். குப்பைக்கு அனுப்பியது முப்பது நாட்களில் தானாக அழிந்துபோகும். அகிஸ்மெட் என்ற வடிகட்டி எரிதம் (ஸ்பேம்) என்று ஒதுக்கியது பதினைந்து நாட்களில் போய்விடும். உங்கள் சிக்கல் தொடங்கி மூன்று வாரம் என்கிறீர்கள், எனவே காலம் குறைவு. பக்கங்களைத் திரைப்பிடிப்பு எடுங்கள், முகவரிப் பட்டை தெரியும்படி எடுங்கள், தரவுத்தளத்தையும் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். பிளாகரில் எழுதுகிறவர்களுக்கு இந்த வசதி குறைவு, பின்னூட்டியவரின் ஐ.பி. முகவரியைப் பிளாகர் நமக்குக் காட்டுவதில்லை.

அடுத்தது மட்டுறுத்தல், அதாவது பின்னூட்டங்களைப் பார்த்து அனுமதிப்பது. ஏற்கெனவே ஒரு பின்னூட்டம் அனுமதிக்கப்பட்டவர் மட்டும் நேரடியாக எழுதலாம், புதியவர் காத்திருக்க வேண்டும் என்று அமைப்புகளில் ஒரு தெரிவு உண்டு. அதை இயக்குங்கள். இரண்டோ அதற்கு மேலோ இணைப்புகள் இருந்தால் நிறுத்திவைக்கும் வசதி எல்லோரிடமும் இருக்கும், ஆனால் உங்களுக்கு வந்தது ஒரே ஓர் இணைப்பு. அந்த எண்ணை ஒன்றாகக் குறையுங்கள். பழைய பதிவுகளில் பின்னூட்டம் தானாக மூடிக்கொள்ளவும் செய்யலாம்.

வசைச் சொற்களைப் பட்டியலிட்டுத் தடுக்கவும் இடம் இருக்கிறது. அதில் கவனமாக இருங்கள். தமிழுக்கு அது சரியாக வேலை செய்யாது.

---

அவரைப்பந்தல் | சனி, காலை 6.15

நான் சமையலும் வீட்டுத் தோட்டமும் எழுதுகிறவள். இதில் என்ன சண்டை வரும் என்று கேட்பீர்கள். கருவாட்டுக் குழம்பு எழுதிய நாளில் வந்தது. என் கணவர் படத்தைப் போட்டு, அவர் முகத்துக்குப் பக்கத்தில் எழுதியதை இன்றைக்கும் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

அப்போது எல்லோரும் எனக்குச் சொன்னது "கண்டுகொள்ளாதே". சொன்னவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு முதலில் அதைப் படித்தாக வேண்டுமே! நாற்பது பின்னூட்டத்தில் எது வசை, எது "உப்பு எவ்வளவு?" என்ற கேள்வி என்று பிரிக்க நாற்பதையும் நான்தான் படித்தேன். இரவு பதினொரு மணிக்கு, அடுப்பைத் துடைத்துவிட்டு. பிறகு தூக்கம் எங்கே வரும்?

என்னைக் காப்பாற்றியது என் நாத்தனார். கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டாள். இரண்டு மாதம் பின்னூட்டங்களை அவள்தான் முதலில் படித்தாள். வசையை எடுத்து ஒரு கோப்பில் போட்டுவிட்டு, மற்றதை மட்டும் எனக்கு விட்டுவைத்தாள். அவளுக்கு அது வலிக்கவில்லையா என்று கேட்டேன். "என் அம்மாவைத் திட்டவில்லையே அண்ணி, உங்கள் அம்மாவைத்தானே" என்றாள். இருவரும் அழுதோம். ஆனால் அவள் சொன்னது உண்மை. குறிவைக்கப்பட்டவர் படிப்பதும் பக்கத்தில் இருப்பவர் படிப்பதும் ஒன்றல்ல. தோழி, அப்படி ஒருவர் உங்களுக்கு இருக்கிறாரா? மாமியாரிடம் சொல்லாமல் இருப்பது சரி என்று எனக்குப் படவில்லை. விடியற்காலையில் வாசலில் நிற்பது இப்போது அவர்தான்.

---

வழக்கு நாட்குறிப்பு | சனி, காலை 10.50

வழக்கறிஞராக இருக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன்; உங்கள் ஊரில் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

வசை வேறு, அந்தப் படம் வேறு. வசையைத் தாங்கலாமா நீக்கலாமா என்பது உங்கள் விருப்பம். வீட்டுக் கதவின் படம் மிரட்டல். அதற்கு மட்டுறுத்தல் மருந்தாகாது, புகார் கொடுக்க வேண்டும்.

காவல் நிலையத்தில் சிலர் இன்னமும் 66ஏ பிரிவைப் பற்றிப் பேசுவார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று செல்லாது என்று அறிவித்துவிட்டது. அதன் கீழ் வழக்குப் போட முடியாது, போட்டாலும் நிற்காது. அதற்காகச் சட்டமே இல்லை என்று திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பெண்ணைப் பின்தொடர்தல் 78ஆம் பிரிவு. இணையவழிக் கண்காணிப்பும் அதில் அடங்கும். பெண்ணின் மாண்பை அவமதிக்கும் சொல் 79ஆம் பிரிவு. பெயர் மறைத்து மிரட்டுவதற்கு 351ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு தனியாகவே இருக்கிறது. ஆபாசமாக எழுதியவற்றுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு.

மாவட்டத்தின் சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ கொடுக்கலாம். 1930 என்ற எண்ணை எல்லோரும் சொல்வார்கள், அது முதன்மையாகப் பணமோசடிக்கானது. திரைப்பிடிப்பு மட்டும் போதாது. மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் கருவியைக் கையாள்பவரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும்; எழுத வழக்கறிஞர் உதவுவார். மேலே தம்பி சொன்ன நகலை அதற்காகவே பத்திரப்படுத்துங்கள். ஐ.பி. முகவரி ஒன்றே ஆளைக் காட்டிவிடாது. கைப்பேசி இணைப்பில் ஒரே முகவரியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவார்கள். அதனால் நொடி வரை துல்லியமான நேரம் முக்கியம்.

---

கல்லெழுத்து | ஞாயிறு, மாலை 5.30

அனைவருக்கும் நன்றி. நகல் எடுத்துவிட்டேன். மாமியாரிடமும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இன்று விடியற்காலையில் அவரும் நானும் சேர்ந்தே கோலம் போட்டோம்.

குறிமுறை சொன்ன சொற்பட்டியலை அவசரத்தில் கவனிக்காமல் செய்துவிட்டேன், அதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு வந்த வசைகளில் மிகுதியாக இருந்த சொல் "நாய்". அதைத் தடைப் பட்டியலில் போட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் "நாயே" என்று தொடங்கிய ஒன்று அப்படியே வெளியாகியிருந்தது. எனவே புள்ளியை எடுத்துவிட்டு "நாய" என்று மாற்றினேன்.

இன்று மதியம் குப்பையைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு கல்லூரி மாணவியின் பின்னூட்டம். எடுத்தனூர் நடுகல்லைப் பற்றி எழுதியிருந்தாள். தெரியாதவர்களுக்காக: மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல். கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காத்து மடிந்தான். அவனோடு நின்று கள்ளரைக் கடித்துக் காத்த நாயும் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்குப் பெயரும் உண்டு, கோவிவன் என்று படிக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய ஊர்க்காரர்களைப் பற்றி அந்தப் பெண் அவ்வளவு அன்போடு எழுதியிருக்கிறாள். அதை என் தளம் குப்பையில் போட்டுவிட்டது. அதற்குக் கீழே நாயக்கர் காலத்து மண்டபம் ஒன்றைப் பற்றிய கேள்வியும் கிடந்தது.

மனம் பொறுக்கவில்லை. இரண்டையும் மீட்டு, இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

---

குறிமுறை | ஞாயிறு, மாலை 6.05

இதைத்தான் சொல்ல வந்தேன் அக்கா. அந்தப் பட்டியல் பொருளைப் பார்ப்பதில்லை, எழுத்து வரிசையை மட்டும் தேடுகிறது. "நாய்" என்பதில் யகரத்துக்குப் பின் புள்ளி, "நாயே" என்பதில் அந்த இடத்தில் ஏகாரக் குறி. கணினிக்கு இரண்டும் வேறு. புள்ளியை எடுத்தால் நாயன்மார், நாயகி, நாயக்கர் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். நம் மொழியில் வேற்றுமை ஏறும்போதே சொல்லின் கடைசி எழுத்து மாறிவிடுகிறது. போதாததற்கு வசை எழுதுகிறவர்கள் நடுவில் இடைவெளி விடுவார்கள், புள்ளி வைப்பார்கள், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார்கள்.

வேர்ட்பிரஸில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்றில் போட்டால் நேரே குப்பை. மற்றொன்றில் போட்டால் உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். சொற்களை எப்போதும் இரண்டாவதில் மட்டும் போடுங்கள். மனிதக் கண் பார்க்காமல் தமிழ்ப் பின்னூட்டம் எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது.

---

நேர்நிலை | திங்கள், காலை 8.20

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் எழுதுகிறேன். கல்லெழுத்து அம்மாவுக்கு நடந்தது கொடுமை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மட்டுறுத்தல் என்ற கத்தி கைக்கு வந்ததும் என்ன நடக்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளம் 2004இல் தொடங்கிய காலத்திலிருந்து பதிவுகளைப் படிக்கிறவன் நான். பெயர் மறைத்து எழுதும் அனானிகளின் அட்டகாசத்தைத் தாங்க முடியாமல் மட்டுறுத்தல் வைத்த பலர், ஓராண்டுக்குள் மாற்றுக் கருத்தையே வெளியிடாதவர்களாக ஆனார்கள். "அருமை", "தொடருங்கள்", "வாழ்த்துகள்" என்பவை மட்டும் வரிசையாக நிற்கும். தகவல் பிழையைச் சுட்டினால் பின்னூட்டம் காணாமல் போகும். அவர்களில் சிலரின் எழுத்து அதனாலேயே கெட்டது.

வசையை நீக்குங்கள். ஆனால் உங்களை எரிச்சல்படுத்துவதெல்லாம் வசையல்ல.

---

கல்லெழுத்து | திங்கள், இரவு 9.15

நேர்நிலை ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் நெஞ்சில் தைத்தது. ஏனென்றால் நான் அதையே செய்திருக்கிறேன்.

இந்த அமளியின் இரண்டாம் நாள் ஒருவர் எழுதினார்: (வட்டெழுத்து என்பது பழைய தமிழ்க் கல்வெட்டுகளின் எழுத்துமுறை) "வட்டெழுத்தில் பகரத்துக்கும் வகரத்துக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் கல்லைத் தொடக் கூடாது. மூன்றாம் வரியில் வீரனின் பெயரையே தவறாகப் படித்துவிட்டீர்கள். கண் மருத்துவரைப் பாருங்கள்." பெயர் போட்டிருந்தார். நான் இருந்த கோபத்தில் அதையும் மற்ற நூறோடு சேர்த்துக் குப்பைக்கு அனுப்பிவிட்டேன்.

நகல் எடுக்கும்போது அது மறுபடி கண்ணில் பட்டது. கல்லின் மீது தாளை ஒற்றி மையால் எடுத்த என் மைப்படியை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வட்டெழுத்தில் அந்த இரண்டு எழுத்துகளும் நெருங்கிய சாயல் கொண்டவை; தேய்ந்த கல்லில் ஒரு கீறல் கூடினாலும் குறைந்தாலும் மாறிப்போகும். நான் எழுத்தின் பகுதியாக எண்ணிய ஒரு கோடு, கல்லின் வெடிப்பு. அது மேல் வரிக்கும் ஓடிப் போகிறது. அவர் சொன்னதுதான் சரி. வீரனின் பெயரை மூன்று வாரமாகத் தவறாக வைத்திருக்கிறேன்.

என்னைத் திட்டியவர்களில் கல்லைப் பார்த்துத் திட்டியவர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். இந்த வேறுபாட்டைச் சொல்லின் காரத்தை வைத்துப் பிரிக்க முடியாது. சில வசைகள் "சகோதரி" என்று தொடங்கி, "உங்கள் நலன் கருதி" என்று முடிந்தன. அவைதான் என்னை அதிகம் நடுங்கவைத்தன.

அவர் பின்னூட்டத்தை மீட்டு வெளியிட்டுவிட்டேன், கண் மருத்துவர் வரியையும் வெட்டாமல். பதிவிலும் திருத்தம் போட்டு அவர் பெயரைக் குறித்திருக்கிறேன்.

---

பனங்கூடல் | செவ்வாய், காலை 7.00

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். இங்கே 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. எங்களைப் போன்ற பெண்களை வசையிலிருந்து காப்பதற்கு என்றும் சொன்னார்கள். எது பொய்யான கூற்று என்று ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கும் என்று அதில் இருப்பதால், எழுதுகிறவர்களே அஞ்சினார்கள். எனக்கும் வசை வந்திருக்கிறது. ஆனாலும் என்னைக் காப்பதற்கு என்று கொண்டுவரும் சட்டம் நாளைக்கு என் கையையே கட்டுமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. மிரட்டலுக்குக் காவல்துறையிடம் போங்கள். மற்றதற்கு, மேலே தங்கை சொன்ன நாத்தனார்தான் நல்ல வழி.

---

ஏரிக்கரை வாத்தியார் | செவ்வாய், பிற்பகல் 3.40

வழக்கறிஞர் எழுதியதைப் படித்த பின் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில் மொட்டைக் கடிதம் பற்றி எழுதினேன் அல்லவா. என்னோடு பணிபுரிந்த இளம் ஆசிரியை ஒருவரைப் பற்றி எனக்கு அப்படிக் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் யாரிடமும் காட்டாமல் கிழித்து அடுப்பில் போட்டேன். அந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தேன்.

எட்டு மாதம் கழித்து அதே ஆள் அவர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினான். காவல் ஆய்வாளர் என்னிடம் கேட்டார், முன்பு ஏதாவது கடிதம் வந்ததா என்று. வந்தது என்றேன். எங்கே என்றார். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. அந்த ஆசிரியை மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தனக்கு வந்த மிரட்டலை அவருக்கே நான் தெரிவிக்கவில்லை. தெரிந்திருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டார்.

மூடிவிடுங்கள் என்று முதல் நாள் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் அம்மா. பெட்டியை மூடினாலும் திறந்தாலும் புகார் கொடுங்கள்.

---

கல்லெழுத்து | வியாழன், இரவு 8.50

ஐயா, நீங்கள் எழுதியதை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவர்தான் "நானும் வருகிறேன்" என்று புறப்பட்டார். நேற்று இருவரும் போனோம்.

காவல் நிலையத்தில் முதலில் இருந்தவர், "எழுதுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்களேன்" என்றார். மாமியார் அவரிடம், "கோலத்தையும் நிறுத்தவா?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அதன் பிறகுதான் அந்தப் படத்தைக் காவலர் கையில் வாங்கிப் பார்த்தார். புகார் பதிவாகி ஒப்புகை எண்ணும் கிடைத்துவிட்டது. 78, 351 என்று நாட்குறிப்பு ஐயா சொன்ன பிரிவுகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனது மிகவும் உதவியது.

பெட்டியை மூடவில்லை. புதியவர்களின் பின்னூட்டம் ஒப்புதலுக்குப் பிறகே வரும். முதல் வாசிப்பை என் கல்லூரித் தோழி ஏற்றிருக்கிறாள். பின்னூட்டப் பெட்டிக்கு மேலே இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன்: "என் வாசிப்பு தவறு என்றால் எவ்வளவு கடுமையாகவும் சொல்லலாம், வெளியிடுவேன். யாருடைய பிறப்பையும் உடலையும் வீட்டையும் பற்றி எழுதினால் வெளியிட மாட்டேன், பாதுகாத்து வைப்பேன்." தோழி கடைசி இரண்டு சொற்களைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னாள், போட்டிருக்கிறேன்.

கண் மருத்துவரைப் பார்க்கச் சொன்னவரிடமிருந்து நேற்றிரவு பதில் வந்தது. நன்றி, மன்னிப்பு எதுவும் இல்லை. "நான்காம் வரியையும் மறுபடி பாருங்கள்" என்று மட்டும் இருக்கிறது. பார்த்தேன். அங்கேயும் எனக்கு ஐயம் வந்துவிட்டது. மைப்படியில் தெளிவாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாய்ந்த வெயிலில் கல்லையே நேரில் பார்க்கப் போகிறேன். தனியாகப் போகவில்லை; எடுத்தனூர் நாயைப் பற்றி எழுதிய மாணவியும் அவள் தந்தையும் உடன் வருகிறார்கள்.